ஃபிரான்சைஸ் கடையில் உள்ளூர்ச் சரக்கு வைக்க வழி உண்டா?

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் மளிகைக் கடையை, வெளிநாட்டு சூப்பர்மார்க்கெட் ஒன்றின் ஃபிரான்சைஸாக மாற்றினோம். 1,200 சதுர அடி. அந்தப் பெயரை இந்தியாவில் பயன்படுத்த உரிமம் வாங்கியிருக்கும் நிறுவனத்தோடு 5 வருட ஒப்பந்தம், 3 வருடம் வெளியேற முடியாது. டெபாசிட் 12 லட்சம். போன ஓணத்துக்குத் திறந்தோம்.

சிக்கல் இதுதான். சரக்கில் 80 சதவீதம் அவர்கள் குடோனிலிருந்தே எடுக்க வேண்டும். கோவையிலிருந்து வரும் சீஸுக்குக் காலாவதி 25 நாள்தான் மிச்சம், திருப்பி எடுக்க மாட்டார்கள். ஆலிவ் பாட்டில்களில் தூசி. ஒரு பாட்டி கையில் எடுத்துப் பார்த்து, “இது என்ன, வடுமாங்காயா?” என்று கேட்டு வைத்துவிட்டுப் போனார். இங்கே கேட்பது மட்டை அரிசி, இட்லி அரிசி, செக்கு எண்ணெய். அதற்கு எங்களுக்குக் கிடைத்தது இரண்டே ரேக்.

ஏரியா மேனேஜரிடம் நான்கு முறை பேசினேன். விற்பனைக் கணக்கோடு மெயில் போட்டேன், “பரிசீலிக்கிறோம்” என்று ஒரு வரி. பாலக்காட்டில் வக்கீலைப் பார்த்தேன்: இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது, 1872 ஒப்பந்தச் சட்டம்தான், கையெழுத்துப் போட்டதுதான் பேசும் என்றார். சரி, படிக்காமல் போட்டது என் தப்பு.

அப்புறம், பல பிராண்டு சில்லறை வணிகத்தில் அந்நிய நேரடி முதலீட்டுக்கு, 2012 விதிப்படி 51 சதவீத வரம்பும் மாநில அரசின் சம்மதமும் உண்டு. அதனால் இந்த மாதிரி வெளிநாட்டுக் கடைப் பெயர்கள் பெரும்பாலும் உரிமம் வழியாகத்தான் நம் ஊருக்கு வருகின்றன. இதே நிலையில் வேறு கடைக்காரர்களும் இருப்பார்கள்.

ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே உள்ளூர்க் கொள்முதல் அளவைக் கூட்டி வாங்கியவர்கள் யாராவது, எந்தப் பிரிவைக் காட்டிக் கேட்டீர்கள் என்று சொல்ல முடியுமா?