க்ளாஸி பேப்பரில் கருப்பு வெள்ளைப் படம் பச்சை தட்டுகிறது, என்ன வழி?

நிழல்விரும்பி:
தாத்தாவும் பாட்டியும் கல்யாணமான புதிதில் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படம் ஒன்று இருக்கிறது. அதை ஸ்கேன் செய்து, கீறல்களை ஒவ்வொன்றாக எடுத்து, வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் க்ளாஸி பேப்பரில் போட்டேன். திரையில் சுத்தமான கருப்பு வெள்ளை. தாளில் அப்படி இல்லை. ஜன்னல் ஓரம் வைத்துப் பார்த்தால் தாத்தாவின் கன்னத்து நிழல் பச்சை தட்டுகிறது, அதே தாளை இரவில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பார்த்தால் லேசான ரோஸ். நான்கு மை உள்ள சாதாரண பிரிண்டர்தான். கிரேஸ்கேல் என்று டிக் செய்துதான் கொடுத்தேன். சரி, வண்ண மையே வேண்டாம், கருப்பு மையில் மட்டும் அடிக்கலாம் என்று பார்த்தால், பேப்பர் வகையில் க்ளாஸி என்று மாற்றியதும் அந்த வசதியே மங்கிப்போகிறது. அதனால் க்ளாஸி தாளை வைத்துவிட்டு, சாதாரணத் தாள் என்று செட்டிங்கில் கொடுத்துப் பார்த்தேன். கருப்பு நல்ல கருப்பாகத்தான் விழுந்தது, ஆனால் மை காயவே இல்லை, விரல் பட்டதும் பாட்டியின் தலைமுடி நெற்றி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. பிரிண்டரில் கோளாறா, நான் செய்வதில் தவறா?

மைக்கூடு:
கோளாறு இல்லை. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் விற்கிற நான்கு மை பிரிண்டர்கள் பலவற்றில் கருப்பு மை மட்டும் பிக்மென்ட், மற்ற மூன்றும் டை, அதாவது திரவத்தில் கரைந்த சாயம். பிக்மென்ட் என்றால் நுண்ணிய துகள்கள். சாதாரணத் தாளில் எழுத்து கூர்மையாக விழுவதற்காகச் செய்த மை அது, க்ளாஸி தாளின் பூச்சுக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும், அதைத்தான் விரலில் பார்த்திருக்கிறீர்கள். இதனால் க்ளாஸி என்று சொன்னதுமே டிரைவர், அதாவது கணினியில் பிரிண்டரை இயக்குகிற மென்பொருள், அந்தக் கருப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, சயான் (பச்சை கலந்த நீலம்), மஜென்டா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் மூன்றையும் கலந்து சாம்பல் நிறத்தை உண்டாக்குகிறது. கிரேஸ்கேல் டிக் செய்தாலும் இதேதான், உள்ளே போகிற படம்தான் கிரே, வெளியே வருகிற மை வண்ண மை.

வெளிச்சத்துக்கு வெளிச்சம் நிறம் மாறுவதும் இந்தக் கலவையால்தான். மூன்று மையும் ஒளியை ஆளுக்கொரு விதமாக உறிஞ்சுகின்றன, பகல் வெளிச்சத்தில் சமமாகத் தெரிகிற கலவை பல்பு வெளிச்சத்தில் சமமாக இருக்காது. அதனால் எல்லா வெளிச்சத்திலும் நடுநிலையான சாம்பல் இந்தப் பிரிண்டரில் வராது, அதற்காகத் தாளை வீணாக்காதீர்கள். படத்தை எங்கே மாட்டப் போகிறீர்களோ அந்த வெளிச்சத்துக்கு மட்டும் சரிசெய்யுங்கள். முகம் வருகிற பகுதியைச் சின்னதாக வெட்டி, ஒரே 4×6 தாளில் ஒன்பது முறை அடுக்குங்கள். நடுவில் இருப்பது மாற்றம் இல்லாதது, சுற்றி இருக்கிற ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கமாகக் கொஞ்சம் மஜென்டா, கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் மஞ்சள் என்று தள்ளி வையுங்கள். பச்சை தட்டினால் மஜென்டா கூட்ட வேண்டும். அடித்த உடனே முடிவு செய்யாதீர்கள், ஒரு நாள் காயட்டும், காயக் காய நிறம் நகரும். ஃபைலை ஆர்ஜிபியிலேயே (சிவப்பு, பச்சை, நீலம் கொண்ட வண்ண முறை) வைத்திருங்கள், கிரேஸ்கேலுக்கு மாற்றிவிட்டால் இந்தத் திருத்தம் எதுவும் செய்ய முடியாது.

வெள்ளித்துகள்:
மேலே சொன்னது எல்லாம் சரி, நான் ஒன்று சேர்க்கிறேன். பழைய படம் என்பதால் நடுநிலைக்குப் போராடாமல் லேசாக பழுப்புப் பக்கம் தள்ளிவிடுங்கள். செபியா அளவுக்கு வேண்டாம், டார்க்ரூமில் வெள்ளி உப்புத் தாளில் போட்ட பழைய பிரிண்டில் இருக்கிற கதகதப்பு போதும். சுத்த சாம்பலில் துளி பச்சை இருந்தாலும் கண் பிடித்துவிடும், பழுப்பில் அதே அளவு நகர்ந்தால் தெரியாது.

கருப்பு வெள்ளையைத் தொடர்ந்து செய்யப் போகிறீர்கள் என்றால் சாம்பல் மை உள்ள பிரிண்டருக்குத்தான் போக வேண்டும். எப்சன் 2005-இல் கொண்டுவந்த கே3 மை வரிசையில் கருப்பே மூன்று அடர்த்திகளில் இருந்தது, அதோடு கருப்பு வெள்ளைக்கென்றே டிரைவரில் தனி முறையும் வந்தது. கேனான் ப்ரோ-100-இல் கருப்பு, கிரே, லைட் கிரே மூன்றும் டை மை. டேங்க் வகையில் எப்சன் இடி-8550-இல் ஒரு கிரே உண்டு. இவற்றில் படத்தின் பெரும்பகுதியைக் கருப்பும் சாம்பலும் சுமக்கின்றன, வண்ண மை டோன் திருத்துகிற அளவுக்குத்தான் விழுகிறது, அதனால் வெளிச்சம் மாறினாலும் படம் அவ்வளவாக அசையாது.

க்ளாஸிக்கு பிக்மென்ட் பிரிண்டர் வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் துகள்கள் தாளின் மேல்பரப்பில் உட்காருவதால், பிரிண்டைச் சாய்த்துப் பார்த்தால் அடர்ந்த நிழல்களில் வெண்கல நிறப் பூச்சு போல மின்னும், மை விழாத வெள்ளைப் பகுதி மட்டும் தனியாகப் பளபளக்கும். எப்சன் ஆர்2000, கேனான் ப்ரோ-10 போன்றவற்றில் நிறமில்லாத ஒரு திரவம் தனியாக இருப்பது இதைச் சமன்செய்யத்தான். கண்ணாடிச் சட்டத்துக்குள் போனபின் இது பெரும்பாலும் தெரியாது. இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் க்ளாஸி என்றால், கருப்பின் ஆழம். கருப்பு எவ்வளவு கருப்பு என்று அளக்கிற அடர்த்தி எண் நல்ல க்ளாஸி தாளில் 2.2-ஐத் தாண்டும், பளபளப்பில்லாத மேட் தாள் 1.6 பக்கம் நின்றுவிடும். ஸ்டுடியோ படத்தின் இருண்ட பின்னணிக்கு அந்த வித்தியாசம் உயிர்.

தாள்பித்து:
இரண்டு விஷயம் விட்டுப்போனது. ஃபோட்டோஷாப்பில் ப்ரொஃபைல் (அந்தத் தாளுக்கும் மைக்குமான நிறத் திருத்தக் கோப்பு) கொடுத்து அடிக்கிறீர்கள் என்றால் டிரைவரில் வண்ணத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். இரண்டும் திருத்தினால் நிறம் கெடும், அப்புறம் மையைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். திரை வெளிச்சத்தையும் இறக்குங்கள், பிரகாசமான திரையில் சரிசெய்த படம் தாளில் இருட்டாகத்தான் வரும். காய்வதற்கு முன் கண்ணாடிச் சட்டத்தில் அடைத்துவிடாதீர்கள், மையில் இருக்கிற கரைப்பான் ஆவி உள்பக்கம் மூடுபனி மாதிரி படியும்.

நிழல்விரும்பி:
ஒன்பது முகம் அடித்துப் பார்த்தேன். நேற்று இரவு சரியாக இருந்த ஐந்தாவது இன்று காலை மறுபடி பச்சை, மஜென்டாவும் மஞ்சளும் சேர்ந்து கொஞ்சம் கூடின ஏழாவது இரண்டு வெளிச்சத்திலும் நிற்கிறது. அந்தப் பழுப்பில் தாத்தாவின் முகம் அசல் படத்தில் இருக்கிற மாதிரியே இருக்கிறது. ஆனால் கருப்புப் பகுதியில் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளித்தடம் தெரிகிறது, ஊசியால் குத்தின மாதிரி. அது என்ன?

தாள்பித்து:
தாளை வெளியே இழுக்கிற பல்சக்கரத்தின் தடம், ஈர மையின் மேல் ஓடினதால் விழுவது. செட்டிங்கில் தடிமனான தாள் என்று கொடுங்கள், காய்கிற நேரத்தைக் கூட்டுகிற வசதி இருந்தால் அதையும் வையுங்கள். பின்னணி கொஞ்சமே கொஞ்சம் வெளிறினாலும் பரவாயில்லை என்றால் படத்தின் முழுக் கருப்பை ஒரு படி சாம்பல் பக்கம் ஏற்றிவிடுங்கள், மை குறைவாக விழும், தடமும் குறையும்.