அக்லோனீமா இலைகள் கொழகொழக்கின்றன: வேரழுகலா, பாக்டீரியாவா?

வணக்கம். 6 அங்குலத் தொட்டியில் அக்லோனீமா என்ற அழகு இலைச் செடி. அடி இலைகள் மூன்று, காம்பு தண்டோடு சேரும் இடத்தில் கொழகொழத்துப்போய், தொட்டாலே கையோடு வருகின்றன. இலையில் நீர் கோத்த கரும்பச்சைத் திட்டுகள், கூடவே அழுகல் நாற்றம். குளிர் தாக்கியிருக்காது, அறை 24 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை.

செடியை உருவிப் பார்த்தால் முக்கால் பங்கு வேர் வெள்ளையாக, கெட்டியாக இருக்கிறது. மீதி பழுப்பு; இழுத்தால் தோல் உரிந்து நடுநரம்பு நூலாக நிற்கிறது. இது வேரை அழுகவைக்கும், பூஞ்சை போன்ற பித்தியம் என்ற நுண்ணுயிரியின் வழக்கமான அடையாளம். ஆனால் நாற்றமும், இரண்டே நாளில் பரவிய வேகமும் பாக்டீரிய மென்னழுகலைக் காட்டுகின்றன. இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு, அதுதான் குழப்பம்.

அழுகிய வேர், காம்புகளை நல்ல திசு வரை வெட்டியாயிற்று. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்தேன். புதுக் கலவை: கோகோபீட் 2 பங்கு, பெர்லைட் 1, மரப்பட்டைத் துண்டு 1. இலை நனையாமல்தான் தண்ணீர்.

காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் தெளித்தால் பாக்டீரியா பரவுவதைத் தடுக்கலாம், பித்தியத்துக்கு அது போதாது. பித்தியத்துக்கான மெட்டலாக்ஸில் மருந்தை வேரில் ஊற்றியவர்கள் இருந்தால் அளவு சொல்லுங்கள். தண்டை வெட்டினால் உள்ளே மெல்லிய பழுப்புக் கோடு தெரிகிறது. கோடு மறையும் இடத்துக்கு மேலே நுனியை வெட்டி வேர்விட வைக்கலாமா, அல்லது நோய் அந்த நுனியோடும் சேர்ந்தே வருமா?