ஆனோடு பிளஸ்ஸா மைனஸ்ஸா? பசங்களுக்கு எப்படி சொல்றது

அல்சூர் டியூஷன்:
செகண்ட் பியூ (பன்னெண்டாம் வகுப்பு) பசங்களுக்கு சாயங்காலம் கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். டேனியல் செல்ல (ஜிங்க், காப்பர் வெச்ச பேட்டரி) ஆனோடு மைனஸ்னு எழுதிப் போட்டேன், நாலு பக்கம் தள்ளி எலக்ட்ரோலிசிஸ்ல (வெளியிலருந்து கரண்ட் குடுத்து வேதிவினை நடத்துறது) ஆனோடு பிளஸ்னு வருது, "நேத்து வேற சொன்னீங்களே மிஸ்"னு ஒரு பொண்ணு கேட்டுட்டா. இன்னொருத்தன் சால்ட் பிரிட்ஜ் (செல்லோட ரெண்டு கரைசலையும் இணைக்கிற உப்புப் பாலம்) வழியா எலக்ட்ரான் ஓடுதுன்னு அடிச்சு சொல்றான். லேப் கிடையாது, போர்டு மட்டும்தான். என்ன பண்ணலாம்?

பேட்டரி கிறுக்கன்:
மேடம், ஆரம்பத்துல பிளஸ் மைனஸ் பேச்சையே எடுக்காதீங்க. ஆக்சிடேஷன், அதாவது எலக்ட்ரானை விடுறது, எங்க நடக்குதோ அது ஆனோடு, எந்த செல்லா இருந்தாலும் சரி. அப்புறம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிய இழுங்க, பெங்களூர்ல அது இல்லாத வீடு கம்மி. கரண்ட் போனா மைனஸ் பக்க ஈயத் தகடு எலக்ட்ரானை விட்டுட்டு லெட் சல்பேட் ஆகுது, அப்ப அது ஆனோடு. கரண்ட் வந்து சார்ஜ் ஏறும்போது அதே தகட்டுல லெட் சல்பேட் எலக்ட்ரானை வாங்கி மறுபடி ஈயமாகுது, இப்ப அதுவே கேத்தோடு. பேட்டரி மேல இருக்கிற மைனஸ் குறி மாறவே இல்ல பாருங்க! இது புரிஞ்சுட்டா அந்தப் பொண்ணு கேள்விக்கு பதில் அதுலயே இருக்கு.

ஜெயநகர் சார்:
சால்ட் பிரிட்ஜுக்கு லேப்லாம் வேணாங்க. ரெண்டு கண்ணாடி டம்ளர், ஒண்ணுல ஜிங்க் சல்பேட்டும் ஜிங்க் தகடும், இன்னொண்ணுல காப்பர் சல்பேட்டும் செம்புத் தகடும், வோல்ட் பாக்க எஸ்பி ரோட்ல (எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) வாங்கின ஒரு சாதா மல்டிமீட்டர். பொட்டாசியம் நைட்ரேட் கரைசல்ல நனைச்ச ஃபில்டர் பேப்பரை ரெண்டுக்கும் நடுவுல போட்டா 1.1 வோல்ட் கிட்ட காட்டும், பேப்பரை எடுத்தா ரீடிங் போயிடும். எலக்ட்ரான் வயர்லதான் ஓடுது, பேப்பருக்குள்ள நகர்றது அயனிங்கதான், சார்ஜ் ஒரு பக்கமா சேராம பாத்துக்குது. காப்பர் சல்பேட்டை பத்து மடங்கு நீர்க்கச் செஞ்சா கணக்குப்படி சுமார் 0.03 வோல்ட் குறையணும், கரைசல் செறிவு மாறினா வோல்ட் எவ்வளவு மாறும்னு சொல்ற நெர்ன்ஸ்ட் சமன்பாட்டுக்கு அங்கேயே ஆள் சேர்ந்துடுவாங்க. கரைசலை சிங்க்ல கொட்டாதீங்க, செம்பு உப்பு மீனுக்கு விஷம்.

எலுமிச்சை எதிரி:
எல்லாம் சரி, எலுமிச்சம்பழ பேட்டரி மட்டும் வேணாம். பழத்துலருந்து கரண்ட் வருதுன்னு மனசுல பதிஞ்சுடுது, கரையுறது ஜிங்க்தான்னு அப்புறம் புரியவைக்கிறது பெரும்பாடு.

அல்சூர் டியூஷன்:
இன்வெர்ட்டர் விஷயம் நாளைக்கே எடுக்கிறேன், ரொம்ப தேங்க்ஸ். சார், ஜிங்க் தகடு தனியா வாங்கணுமா, பழைய டார்ச் செல்லோட மேல்கூட்ட வெட்டி எடுத்தா போதுமா?

ஜெயநகர் சார்:
சாதா ஜிங்க் கார்பன் செல்லுன்னா போதும், சாண்ட்பேப்பர் போட்டு நல்லா தேய்ச்சுடுங்க. அல்கலைன் செல்ல மட்டும் வெட்டாதீங்க, உள்ள காரம், வெளிக்கூடும் இரும்புதான்.