மறுமொழி: [கலைச்சொல்] பிரெட்போர்டு: 'ஆசிலாப் பலகை' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது. ஈயத்தை உருக்கி ஒட்டாமல், உதிரிகளைத் துளைகளில் செருகியே மின்சுற்றைக் கட்டிப் பார்க்கிற பலகைதான் பிரெட்போர்டு. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துகிற பஸர் பற்றிய செய்முறைக் குறிப்பு அதற்கான தமிழ்ச் சொல்லுக்காகத்தான் காத்துக் கிடக்கிறது. அதனால் எல்லா மடல்களுக்கும் சேர்த்தே பதில் எழுதிவிடுகிறேன்.

> நேரடியாக 'ரொட்டிப் பலகை' என்றே வைத்துக்கொள்ளலாமே? ஆங்கிலத்திலும் அதுதானே பொருள்.

பெயர் வந்த கதை அதுதான். வீட்டிலேயே ரேடியோ கட்டிய அந்தக் காலத்து ஆர்வலர்கள், ரொட்டி நறுக்கும் பலகையைச் சமையலறையிலிருந்து எடுத்து வந்து, ஆணி அடித்து, வால்வையும் காயிலையும் அதன்மேல் பொருத்தினார்கள். மரம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. ஆனால் நம் வீட்டில் ரொட்டிப் பலகை என்றால் சப்பாத்தி தேய்க்கிற வட்டப் பலகைதான். யாழ்ப்பாணத்து நண்பர் முன்பே எழுதிவிட்டார்: அங்கே ரொட்டி வேறு, பாண் வேறு. அவர்களுக்குப் 'பாண் பலகை' என்று தனியாக ஒன்று வேண்டியிருக்கும். ஒரு சொல் தேடப்போய் இரண்டாக்கிக்கொள்ள வேண்டாம். (பாண் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். இன்று நம் மேசையில் இருக்கும் பிளாஸ்டிக் பலகையை 1971இல் வடிவமைத்தவரின் பெயர் ரோனல்ட் போர்ச்சுகல். சும்மா சொல்லி வைக்கிறேன்.)

> பொற்கொல்லர் நகையை ஒட்டவைக்கும் பற்றாசுக்கு 'ஆசு' என்றும் பெயர். ஈயம் வைக்காத பலகை என்பதால் 'ஆசிலாப் பலகை'.

ஐயா, இதைப் படித்ததும் எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. இருகுறள் நேரிசை வெண்பாவில் முதற்குறளின் கடைசிச் சீரையும் தனிச்சொல்லையும் ஒட்டவைக்க வரும் ஓரிரு அசைக்கும் ஆசு என்றுதான் பெயர். நகைப் பட்டறையிலிருந்து யாப்புக்குப் போன சொல்லை மின்னணுவியலுக்கும் கொண்டுவருவது அழகு. ஆனால் ஆசு என்றால் குற்றம் என்றும் பொருள். ஆசிலா என்று கேட்டவுடன் 'குறையற்ற' என்றுதான் காதில் விழும். இந்தப் பலகையைக் குறையற்றது என்று எப்படிச் சொல்வது?

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். 830 துளை உள்ள நீளப் பலகை. பேட்டரியை ஒரு முனையில் கொடுத்துவிட்டு, பிசி547 டிரான்சிஸ்டரையும் பஸரையும் மறுமுனையில் கட்டினேன். சத்தமே இல்லை. டிரான்சிஸ்டரை மாற்றினேன், பஸரை மாற்றினேன், பேட்டரியைக்கூட நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரு மாலைப்பொழுது போன பிறகுதான், ஓரத்தில் போகும் சிவப்புக் கோடு நடுவில் அரை அங்குலம் விட்டுப்போயிருப்பது கண்ணில் பட்டது. சில பலகைகளில் மின்பட்டை, அதாவது அந்தக் கோட்டை ஒட்டி மின்சாரத்தைக் கொண்டுபோகும் உலோகப் பட்டை, நடுவில் அறுந்திருக்கும். கோட்டில் உள்ள இடைவெளிதான் அதற்கு அடையாளம். ஒரு சின்னக் கம்பியால் இரண்டையும் இணைத்ததும் தெருவே கேட்கும்படி கத்தியது. குறிப்பின் முதல் பத்தியிலேயே இதை எழுதிவிட வேண்டும்.

> வெள்ளோட்டப் பலகை?

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், நிறம்கூட வெள்ளை. ஆனால் தேர் செய்து முடித்த பிறகுதானே வெள்ளோட்டம் விடுவார்கள்? இங்கே தேருக்கு இன்னும் சக்கரமே முடிவாகவில்லை. பிடுங்கிப் பிடுங்கி மாற்றுகிற கட்டத்துக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை.

'துளைப்பலகை' வேண்டாம். ஈயம் வைக்கிற டாட் போர்டுக்கு அது தேவைப்படும். 'பல்லாங்குழிப் பலகை' என்று எழுதிய தோழிக்கு: குழிக்கு ஐந்து முத்து, வரிசைக்கு ஐந்து துளை என்ற கணக்கு பிரமாதம். சொல்லாக வேண்டாம், உவமையாக வைத்துக்கொள்வோம். ஒரு வரிசையின் ஐந்து துளையும் அடியில் ஒரே உலோகக் கவ்வியில் சேர்ந்திருக்கின்றன, நடுப்பள்ளத்தைத் தாண்டி மின்சாரம் போகாது என்று பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல வழி இல்லை.

என் முன்மொழிவு: செருகுபலகை.

இதை எதில் செய்தார்கள், எதற்கு வைத்திருக்கிறார்கள் என்பதைவிட, கை என்ன செய்கிறது என்பதைச் சொல்லும் பெயர் முதல்முறை பார்க்கிறவனுக்கும் புரியும். வினைத்தொகை என்பதால் செருகிய, செருகுகிற, செருகும் மூன்றும் இதில் அடக்கம். நேற்றுச் செருகியதை இன்று பிடுங்கி நாளை வேறு துளையில் செருகுகிற பலகைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒற்று மிகாது, 'செருகுப்பலகை' என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொரு வசதி, குடும்பம் பெருகும். இரண்டு துளைகளை இணைக்கிற கம்பி செருகுகம்பி. அதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. சுவரோடு பதிக்கிற வகைப் பழைய லேன் கேபிளை உரித்தால் உள்ளே எட்டு நிறத்தில் ஒற்றைப் புரிக் கம்பி கிடைக்கும், சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன், கச்சிதமாக உட்காரும். பல புரி உள்ள கம்பி உள்ளே போகாது, மடங்கும். தடித்த கால் உள்ள டயோடை அழுத்திச் செருகினால் கவ்வி விரிந்துவிடும். அப்புறம் அந்தத் துளையில் எதைப் போட்டாலும் ஆடும்.

கருத்து சொல்லுங்கள்.

---

வணக்கம் அண்ணா.

செருகுபலகைக்கு என் வாக்கு. ஒரே ஒரு சந்தேகம். பள்ளியில் பிள்ளைகள் 'சொருகு' என்றுதான் சொல்கிறார்கள். குறிப்பில் 'செருகவும்' என்று இருந்ததைப் பார்த்து ஒரு பையன் அச்சுப்பிழை என்று திருத்திக் கொடுத்தான்.

---

தம்பி,

பேசும்போது சொருகட்டும், எழுதும்போது செருகுவோம். அந்தப் பையனைத் திட்டிவிடாதீர்கள். அடுத்த குறிப்புக்கு மெய்ப்புப் பார்க்க அவனிடமே கொடுங்கள். மின்பட்டையா, மின்தண்டவாளமா என்ற சண்டையைத் தனி இழையில் தொடங்குகிறேன்.