வாவிக்கரையில் பழைய ஐஸ் தொழிற்சாலைக் காணி: வாங்கலாமா?

கல்லடியான்:
மட்டக்களப்பு வாவிக்கரையில் வருசக்கணக்காகப் பூட்டிக் கிடந்த ஒரு ஐஸ் தொழிற்சாலைக் காணியைப் பத்துப் பத்துப் பேர்ச்சாகப் பிரித்து வீடு கட்ட விற்கிறார்கள். போய்ப் பார்த்தேன், நல்ல காற்று, முன்னால் தண்ணீர், காணி உறுதியும் சுத்தமாம். ஆனால் ஜெனரேட்டர் நின்ற கொட்டிலுக்குப் பின்னால் மண் கறுப்பாக இருக்கிறது, செருப்பால் கிளறினால் டீசல் மணக்கிறது. இரண்டு லோட் கிரவல் போட்டால் சரி என்கிறார் தரகர். மனைவிக்கு இடம் பிடித்துவிட்டது. என்ன செய்யலாம்?

மண்வெட்டி:
தம்பி, கிரவல் போட்டால் கறுப்பு மறையும், எண்ணெய் எங்கே போகும்? நம்முடைய பக்கம் மணல் தரை, ஊறினதெல்லாம் கிணற்றுக்குத்தான் வரும். ஐஸ் உறையவைக்கப் பாவித்த அம்மோனியா எப்போதோ காற்றோடு போயிருக்கும், டீசலும் கம்பிரசர் எண்ணெயும் அப்படிப் போகாது. பழைய அஸ்பெஸ்டஸ் கூரையை உடைத்து அங்கேயே புதைத்திருக்கிறார்களா என்றும் பார். லண்டனில் கிரீனிச் தீபகற்பத்தில் எரிவாயு ஆலை இருந்த நிலத்தை முதலில் துப்புரவாக்கித்தான் மறுகா வீடு கட்டினார்கள். மூன்று இடத்தில் ஆளுயரம் தோண்டு, கிணற்றுத் தண்ணீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பு. அதுவரை முற்பணம் கொடுக்காதே.

புளியந்தீவு அக்கா:
மண்ணை விடுங்கள், 2011 தை மாத வெள்ளத்தில் அந்தக் காணியில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று பக்கத்து வீட்டில் கேட்டீர்களா? மழை அடித்து ஊற்றினால் கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் மணலை வெட்டிவிடும்வரை வாவி ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஜெர்மனியில் ஹம்பேர்க் பழைய துறைமுகத்தில் ஹாஃபன்சிட்டி கட்டினபோது வீதியையும் கட்டடங்களையும் கடல் மட்டத்திலிருந்து 8 முதல் 9 மீற்றர் உயரத்துக்குத் தூக்கினார்கள், இரண்டையும் சேர்த்தே. இங்கே ஆளாளுக்குத் தன் பத்துப் பேர்ச்சை மட்டும் உயர்த்துவோம், தண்ணீர் பக்கத்து வீட்டுக் குசினிக்குள் போகும். கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவையா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், தரகரின் வாய்ப்பேச்சு செல்லாது.

தோணிக்காரன்:
எல்லோரும் வாங்குகிற ஆளின் பக்கமே பேசுகிறீர்கள். ஐஸ் தொழிற்சாலை என்றால் பக்கத்தால் வாவிக்கு ஒரு ஒழுங்கை இறங்கும், ஐஸ் ஏற்றவும் மீன் இறக்கவும். எங்கள் அப்பா காலத்திலிருந்து தோணியைக் கட்டி வைக்கிற துறை அப்படியான இடம்தான், இப்போது அதற்குக் குறுக்கே தகரம் அடித்திருக்கிறார்கள். லண்டனின் பழைய துறைமுகப் பகுதியான டொக்லாண்ட்ஸில் 1981க்குப் பிறகு மாடிகள் எழும்பின, கப்பலில் மூட்டை சுமந்த குடும்பங்களுக்கு அந்த விலை கட்டுப்படியாகவில்லை. நில அளவைப் படத்தில் ஒழுங்கை இருக்கிறதா என்று பாருங்கள் அண்ணன்.

கல்லடியான்:
பார்த்தேன். பழைய படத்தில் பத்தடி ஒழுங்கை இருக்கிறது, புதிய படத்தில் அது ஏழாம் துண்டுக்குள் போய்விட்டது. எங்களுக்குக் காட்டினதும் ஏழாம் துண்டுதான். தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்டதிலிருந்து தரகர் போன் எடுக்கவில்லை.