உதவி தேவை: மெய்நிகர் சாதன மாட்யூலை இரண்டாம் முறை ஏற்றினால் கெர்னல் விழுகிறது

வெள்ளவத்தையான்:
வணக்கம். லினக்ஸ் 6.6 கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு சிறிய மாட்யூல் (ஓடும் கெர்னலில் ஏற்றும் துண்டு நிரல்) எழுதுகிறேன். அலுவலகம் வாங்கப்போகும் உணரிக் கருவி இன்னும் கைக்கு வரவில்லை. அதுவரை அந்தக் கருவியைப்போல நடிக்க ஒரு மெய்நிகர் கேரக்டர் டிவைஸ் (பைட் பைட்டாக வாசிக்கும், எழுதும் சாதனம்) வேண்டும், அவ்வளவுதான் வேலை.

நடந்தது இது. பஃபர் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவக இடம்) அளவை 8 மெகாபைட் என்று கொடுத்து ஏற்றினேன். நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்று இன்ஸ்மாட் (மாட்யூலை ஏற்றும் கட்டளை) திருப்பி அனுப்பியது. சரி, மரியாதையான தோல்வி. அளவை 64 கிலோபைட்டாகக் குறைத்து மறுபடி ஏற்றியதும் கெர்னல் ஊப்ஸ் (தனக்குள் நேர்ந்த பிழையின் அறிக்கை) கொட்டியது. மெய்நிகர் கணினியை மீளத் தொடக்கி, முதல் முறையே 64 கிலோபைட் கொடுத்தால் ஒரு குறையும் இல்லை!

தொடக்க ஃபங்ஷனில் வரிசை இப்படி: சாதன எண் ஒதுக்கல், கிளாஸ்_கிரியேட் (சாதன வகையைப் பதிதல்), பஃபருக்குக் கேஇஸட்_அலாக் (நினைவகம் ஒதுக்கல்), டிவைஸ்_கிரியேட் (சாதனத்தை உருவாக்கல்), டெவ்_செட்_டிரைவ்டேட்டா (டிரைவரின் தரவைச் சாதனத்தோடு இணைத்தல்), கடைசியில் சிடெவ்_ஆட் (சாதனத்தைத் திறக்கக்கூடியதாக்கல்). ஒவ்வொரு பாயிண்டரையும் (நினைவக முகவரி) நல் (எதையும் சுட்டாத பூச்சிய முகவரி) தானா என்று பார்த்து, நல் என்றால் உடனே பிழை எண்ணோடு திரும்புகிறேன். ஊப்ஸ் செய்தியோ 'நல் பாயிண்டர்' என்றே குற்றம் சாட்டுகிறது. அதில் உள்ள முகவரி பூச்சியத்தை ஒட்டிய சிறிய எண். நல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தானே உள்ளே போகிறேன்? இரண்டு இரவு போய்விட்டது.

கொட்டாஞ்சேனைக்காரன்:
மெய்நிகர் கணினிக்கு எவ்வளவு ரேம் கொடுத்திருக்கிறீர்கள்? 2 ஜிகாபைட் என்றால் 8 ஆக்கிப் பாருங்கள். முதல் பிழையே நினைவகம் போதாது என்பதுதானே.

வெள்ளவத்தையான்:
ஆக்கினேன் அண்ணா. 8 மெகாபைட் அப்போதும் கிடைக்கவில்லை, இரண்டாம் முறை அப்போதும் விழுகிறது.

தெஹிவளைப் பழைய கை:
ரேமை விடுங்கள். பக்க அளவு 4 கிலோபைட் உள்ள வழக்கமான கணினியில் கே-மலாக் (கேஇஸட்_அலாக் உள்ளே அழைப்பது இதைத்தான்) ஒரே துண்டாகத் தரக்கூடிய உச்சம் 4 மெகாபைட். 64 ஜிகாபைட் ரேம் போட்டாலும் 8 கேட்டால் நல் தான் வரும். பெரிய பஃபர் வேண்டுமானால் கேவிஇஸட்_அலாக் போடுங்கள், விடுவிக்கும்போது கேவி_ஃப்ரீ.

தம்பி, ஊப்ஸில் ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டர் (ஃபங்ஷன் திருப்பிய மதிப்பு வந்து நிற்கும் இடம்) என்ன காட்டுகிறது? டிமெசேஜில் (கெர்னலின் செய்திப் பதிவு) 'டூப்ளிகேட்' என்று ஏதாவது வரி உண்டா?

வெள்ளவத்தையான்:
ஆர்ஏஎக்ஸில் பதினாறடிமானத்தில் பதினான்கு எஃப், அதன் பின் ஈ, டி. குப்பை மதிப்பு என்று நினைத்து விட்டுவிட்டேன். டூப்ளிகேட் வரியும் இருக்கிறது அண்ணா, ஊப்ஸுக்குச் சற்று மேலே. சிஸ்எஃப்எஸில் (கெர்னல் தன் சாதனங்களைக் காட்டும் கோப்பு அடுக்கு) என் கிளாஸ் பெயரிலேயே ஏற்கனவே ஒன்று இருக்கிறதாம்.

தெஹிவளைப் பழைய கை:
குப்பை இல்லை, அதுதான் விடை. அந்த எண்ணைக் குறியுள்ள எண்ணாகப் படித்தால் -19. கெர்னல் மொழியில் 'அப்படியொரு சாதனம் இல்லை'.

கிளாஸ்_கிரியேட்டும் டிவைஸ்_கிரியேட்டும் தோற்றால் நல் தருவதில்லை. பிழை எண்ணையே பாயிண்டருக்குள் திணித்துத் தருகின்றன. முகவரி வெளியின் கடைசி 4095 மதிப்புகள் இதற்கென்றே ஒதுக்கியவை. ஐஎஸ்_எர் கேட்டால்தான் அது பிடிபடும். நீங்கள் நல் தானா என்று கேட்டீர்கள், அது நல் இல்லை. ஆகவே வாசலில் மறிக்காமல் உள்ளே விட்டீர்கள். (நல் என்ற சொல்லுக்குத் தமிழில் நல்லது என்று பொருள் வருவது நம் தலைவிதி.)

முதல் முறை கேஇஸட்_அலாக் தோற்றதும் நேரே திரும்பிவிட்டீர்கள். அதற்கு முன் பதிந்த கிளாஸை யார் அழித்தார்கள்? மாட்யூல் போய்விட்டது, கிளாஸ் மட்டும் கெர்னலில் தொங்குகிறது. அடுத்த முறை அதே பெயரில் கிளாஸ்_கிரியேட் கேட்டதும் -17, 'ஏற்கனவே உண்டு'. அதையும் விட்டுவிட்டீர்கள். டிவைஸ்_கிரியேட் தன்னிடம் வரும் கிளாஸைச் சோதிக்கிறது. அது பிழைப் பாயிண்டர் என்று கண்டதும் -19 தந்தது. அதையும் விட்டுவிட்டு, அந்த -19 ஐ ஒரு ஸ்ட்ரக்ட் (பல உறுப்புகள் கொண்ட தரவுக் கட்டமைப்பு) என்று நம்பி டெவ்_செட்_டிரைவ்டேட்டா எழுதப் போனது. -19 உடன் உறுப்பின் இடப்பெயர்ச்சியைக் (ஸ்ட்ரக்டின் தொடக்கத்திலிருந்து உள்ள தூரம்) கூட்டினால் எண் சுற்றிவந்து பூச்சியத்தருகே விழுகிறது. கெர்னல் அதை நல் என்று நினைத்துவிட்டது, பாவம்.

அந்த வரியே தேவையில்லை என்பது வேறு கதை. டிவைஸ்_கிரியேட்டின் நான்காம் ஆர்கியுமென்ட் டிரைவ்டேட்டாதான், அங்கேயே கொடுத்துவிடலாம்.

பம்பலப்பிட்டி வாசகி:
இவ்வளவு தலைவலி எதற்கு? எல்லா இடத்திலும் ஐஎஸ்_எர்_ஆர்_நல் போட்டுவிட்டால் இரண்டையும் பிடித்துவிடுமே.

தெஹிவளைப் பழைய கை:
பிடிக்கும், தங்கச்சி. பிடித்தபின் என்ன திருப்புவீர்கள்? வழக்கம்போல் பிடிஆர்_எர் (பாயிண்டரிலிருந்து பிழை எண்ணை எடுப்பது) எழுதுவீர்கள். நல் பாயிண்டருக்கு அதன் விடை 0. தொடக்க ஃபங்ஷன் 0 திருப்பினால் கெர்னலுக்கு அது வெற்றி. சாதனமே இல்லாத மாட்யூல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதைவிட ஊப்ஸே மேல், குறைந்தது சத்தமாவது போடுகிறது.

கேஇஸட்_அலாக் என்றால் நல், கிளாஸ்_கிரியேட் என்றால் ஐஎஸ்_எர், சிடெவ்_ஆட் என்றால் குறை எண். அந்தந்த ஃபங்ஷன் எதைத் திருப்புகிறது என்று மூலத்தைத் திறந்து பாருங்கள். நிரலை வாசித்தே பிழை தேடும் ஸ்மாட்ச் கருவியை ஓட்டினாலும் இந்தக் குழப்பத்தைக் காட்டிக்கொடுக்கும்.

தம்பி, திரும்பும் வழியைக் கோட்டூ (குறித்த லேபிளுக்குத் தாவும் கட்டளை) கொண்டு எழுதுங்கள். ஏறிய படியில் தலைகீழாக இறங்க வேண்டும்: டிவைஸ், சிடெவ், பஃபர், கிளாஸ், சாதன எண். சிடெவ்_ஆட்டை டிவைஸ்_கிரியேட்டுக்கு முன்னே, பஃபருக்குப் பின்னே வையுங்கள். சிடெவ்_ஆட் முடிந்த நொடியிலேயே யாரும் உங்கள் சாதனத்தைத் திறக்கலாம்.

வெள்ளவத்தையான்:
அப்படியே செய்தேன். இரண்டாம் முறை, மூன்றாம் முறை, எதிலும் விழவில்லை. பழைய கிளாஸ் தொங்கிக்கொண்டிருந்ததால் முதலில் ஒருமுறை கணினியை மீளத் தொடக்க வேண்டியிருந்தது. காலையில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி யோசித்து, எத்தனையாவது படியில் வேண்டுமென்றே தோற்க வேண்டும் என்று சொல்லும் ஒரு பராமீட்டர் சேர்த்தேன். ஒன்றிலிருந்து ஐந்துவரை ஓடவிட்டதில், நான்கில் நானே லேபிளை ஒரு படி தள்ளி எழுதியிருந்தது தெரிந்தது; பஃபர் விடுபடாமல் கசிந்தது.

இன்னொன்று. பஃபர் அளவு 0 கொடுத்தால் மாட்யூல் அழகாக ஏறுகிறது, வாசித்தால்தான் விழுகிறது. கேஇஸட்_அலாக் நல் தரவில்லையே?

தெஹிவளைப் பழைய கை:
0 பைட் கேட்டால் அது நல் தராது, 16 என்ற முகவரியைத் தரும். அங்கே ஒரு பைட்டும் உங்களுடையதல்ல. அளவு 0 என்றால் எதையும் ஒதுக்கும் முன்பே -22, 'செல்லாத மதிப்பு', திருப்பி வெளியே வாருங்கள்.

வெள்ளவத்தையான்:
போட்டுவிட்டேன். முதல் வரியிலேயே.