எடை பட்டனை அழுத்தினால் விண்டோ உறைந்துவிடுகிறது: பைத்தானில் எழுதிய சிறிய புரோகிராம்

அணக்கரைக் கணக்குப்பிள்ளை கேட்டது:

வணக்கம். சொந்த ஊர் கம்பம். மேலே இடுக்கி மாவட்டம் அணக்கரையில் ஏலக்காய் வாங்கி விற்கும் கடையில் கணக்கு எழுதுகிறேன். பைத்தான் நிரல் மொழியை நானாகவே படித்து, விண்டோ, பட்டன் வரைய உதவும் அதன் டிகேஇன்டர் தொகுப்பில் கடைக்காக ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறேன். விவசாயியின் பெயரைத் தேர்ந்தெடுத்து 'எடை எடு' என்ற பட்டனை அழுத்தினால், மின்னணுத் தராசு காட்டும் எடை கட்டத்தில் வந்து விழ வேண்டும். தராசின் சீரியல் வயரை யூஎஸ்பி மாற்றி வழியாகக் கம்ப்யூட்டரில் செருகியிருக்கிறேன். விண்டோஸ் 10.

பட்டனை அழுத்தியதும் விண்டோ வெளுத்துப்போய், தலைப்பில் 'பதிலளிக்கவில்லை' என்று வருகிறது. அதை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. சீரியலில், ஒரு முழு வரியைப் படிக்கும் 'ரீட்லைன்' கட்டளை போட்டுப் படிக்கிறேன். இணையத்தில் பார்த்து, படிக்கும் சுற்றுக்குள் (லூப்) திரையைப் புதுப்பிக்கும் 'அப்டேட்' என்ற கட்டளையையும் சேர்த்துப் பார்த்தேன். எந்த மாற்றமும் இல்லை.

இரண்டாவது, பைத்தான் நிரலைத் தனியே ஓடும்படி கட்டும் பைஇன்ஸ்டாலரில் ஒரே ஃபைலாகக் கட்டிய பிறகு, இன்று பதிவதெல்லாம் புரோகிராமை மூடித் திறந்தால் காணாமல் போகிறது. என் மடிக்கணினியில் நேரடியாக ஓட்டும்போது அப்படி இல்லை. எல்லாம் பத்திரமாக இருக்கிறது. தரவுத்தளம் எஸ்க்யூலைட்.

மூன்றாவது, பட்டியலை சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரை) ஃபைலாக எடுத்து எக்செலில் திறந்தால் பெயர்கள் எல்லாம் கோணல்மாணலாக வருகின்றன. எங்கள் பட்டியலில் பாதிப் பேரின் பெயர் மலையாளத்தில், மீதி தமிழில்.

காய் எடுப்புக் காலம் தொடங்கிவிட்டது. முதலாளி தினமும் கேட்கிறார். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

மெட்டு ரோடு எழுதியது:

1. த்ரெட் (பக்கத்திலேயே தனியாக ஓடும் வேலை) போடுங்கள். 2. பதிவை உறுதிசெய்யும் 'கமிட்' போட மறந்திருப்பீர்கள். 3. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறை (என்கோடிங்).

ஒரு யோசனை: இந்தக் காலத்தில் டெஸ்க்டாப் புரோகிராம் எதற்கு? பிரவுசரில் ஓடும்படி செய்துவிட்டால் இந்தத் தலைவலி எதுவுமே இருக்காது.

கொழிஞ்சாம்பாறை அக்கா எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று. பிரவுசருக்கு மாற்று என்பவர்கள் பேச்சைக் கேட்டு அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். உங்கள் வேலை, மேசைமேல் இருக்கும் தராசோடு பேசுவது. மழைக்காலத்தில் மலையில் இணையம் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். நான் பாலக்காட்டுப் பக்கம் பால் சங்கங்களுக்கு இதே மாதிரி புரோகிராம் எழுதிக் கொடுப்பவள். பாலின் கொழுப்பை அளக்கும் கருவியும் உங்கள் தராசு போலத்தான், சீரியல் வயரில் எழுத்து எழுத்தாக அனுப்பும்.

உறைவதற்கு வருகிறேன். டிகேஇன்டரில் 'மெயின்லூப்' என்று கடைசி வரியில் எழுதுகிறீர்களே, புரோகிராமின் உயிர் அதில்தான் இருக்கிறது. மவுஸ் நகர்ந்தது, பட்டன் அழுந்தியது, விண்டோவைத் திரும்ப வரைய வேண்டும் என்று வரும் செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்து முடித்துக்கொண்டே இருக்கும். சங்கத்தில் பால் ஊற்றிக்கொள்பவர் ஒருவர்தான் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய பாத்திரம் இன்னும் வரவில்லை என்று அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டால் வரிசை அப்படியே நிற்கும். உங்கள் பட்டனுக்குப் பின்னால் இருக்கும் ஃபங்ஷன் (நிரல் துண்டு) செய்வது இதைத்தான். அது முடிந்து திரும்பும்வரை மெயின்லூப் அடுத்த செய்தியைத் தொடவே முடியாது. ஒரு விண்டோ 5 விநாடி வரை எந்தச் செய்தியையும் எடுக்காவிட்டால் விண்டோஸே அதைச் செத்தது என்று முடிவுகட்டி, வெளுத்த நகலை அதன்மேல் போர்த்திவிடும். நீங்கள் பார்ப்பது அந்த நகல்.

'அப்டேட்' போட்டால் ஏன் சரியாகவில்லை? புரோகிராம் 'ரீட்லைன்' வரியிலேயே நிற்கிறது. அடுத்த வரிக்கு வந்தால்தானே அப்டேட் ஓடும்? ஓடினாலும் அது நல்ல பழக்கமில்லை. ஃபங்ஷன் பாதி வேலையில் இருக்கும்போதே கடைக்காரர் பட்டனை மறுபடி அழுத்தினால் அதே ஃபங்ஷன் அதற்குள்ளேயே இன்னொரு முறை தொடங்கிவிடும். ஒரே மூட்டை இரண்டு தடவை பதிவாகும். விவசாயியிடம் யார் பதில் சொல்வது?

இனி, ரீட்லைன் ஏன் திரும்பவே மாட்டேன் என்கிறது என்று பார்க்க வேண்டும். த்ரெட் போடுங்கள் என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். போட்டால் விண்டோ உறையாது, உண்மை. ஆனால் எடையும் வராது! சீரியலைப் படிக்கும் பைத்தான் தொகுப்பான பைசீரியலின் ரீட்லைன், வரி முடிந்ததற்கு அடையாளமான 'புதுவரி' எழுத்து வரும்வரை காத்திருக்கும். 'டைம்அவுட்' (காத்திருப்பு வரம்பு) கொடுக்காவிட்டால் காலம் முழுக்கக் காத்திருக்கும். சில தராசுகள் அந்த எழுத்தை அனுப்புவதே இல்லை. 'வரித்தொடக்கத்துக்குத் திரும்பு' என்ற எழுத்தை மட்டும் அனுப்பிவிட்டு அடுத்த எடைக்குப் போய்விடும். ஆங்கிலத்தில் கேரேஜ் ரிட்டர்ன் என்பார்கள்.

கண்டுபிடிப்பது எளிது. புட்டி என்ற இலவசப் புரோகிராமை இறக்கி, சீரியல் என்பதைத் தேர்ந்தெடுத்து, உங்கள் காம் போர்ட் (விண்டோஸில் சீரியல் இணைப்பின் பெயர்) எண்ணையும் வேகத்தையும் கொடுத்துத் திறங்கள். வேகம் தராசின் கையேட்டில் இருக்கும், பெரும்பாலும் 9600. எடைகள் ஒன்றின்கீழ் ஒன்றாக வரிசையாக இறங்கினால் புதுவரி எழுத்து வருகிறது. ஒரே வரியில் ஒன்றன்மேல் ஒன்றாக அழிந்து அழிந்து எழுதப்பட்டால் வரவில்லை. புரியாத குப்பை எழுத்துகள் வந்தால் வேகம் தப்பு. ஒன்றுமே வராவிட்டால் தராசு தானாக அனுப்பும் முறையில் இல்லை. அதன் அமைப்பில் 'தொடர்ச்சியாக அனுப்பு' என்பதை வைக்க வேண்டும். பார்த்து முடித்ததும் புட்டியை மறக்காமல் மூடுங்கள். ஒரு காம் போர்ட்டை ஒரே நேரத்தில் ஒரு புரோகிராம்தான் பிடிக்க முடியும். இல்லாவிட்டால் 'அணுகல் மறுக்கப்பட்டது' என்ற பிழையோடு இங்கே திரும்பி வருவீர்கள். யூஎஸ்பி மாற்றியை வேறு துளையில் செருகினால் காம் எண் மாறிவிடக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். எண்ணை நிரலுக்குள் எழுதாமல், திரையில் தேர்ந்தெடுக்கும்படி வைப்பது நல்லது.

உங்கள் வேலைக்கு த்ரெட் தேவையே இல்லை என்பது என் கருத்து. சீரியலைத் திறக்கும்போது டைம்அவுட்டை 0 என்று வையுங்கள். பிறகு 'ஆஃப்டர்' என்ற கட்டளையால் 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஒரு சிறிய ஃபங்ஷனைக் கூப்பிடச் சொல்லுங்கள். 'இன்_வெயிட்டிங்' பார்த்து, எத்தனை எழுத்து வந்து கிடக்கிறதோ அத்தனையை மட்டும் அது அள்ள வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் பேசாமல் திரும்ப வேண்டும். அள்ளியதை ஒரு சேமிப்பில் ஒட்டிக்கொண்டே வாருங்கள். சீரியலில் வரி முழுதாக வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 49.350 என்ற எடை முதலில் '49.' என்றும் அடுத்த முறை '350' என்றும் பிய்ந்து வரும். அதனால் வரி முடிவு எழுத்தை வைத்து வெட்டி, முழுமையான கடைசி வரியை எடையாக எடுத்துக்கொண்டு, வால் துண்டைச் சேமிப்பிலேயே விட்டுவிடுங்கள். இந்த வால் துண்டை எறிந்துவிடுபவர்கள்தான் 49 கிலோ மூட்டைக்கு 350 கிலோ என்று சீட்டுப் போடுகிறார்கள்.

இப்படிச் செய்தால் எடை எப்போதும் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். பட்டன் அந்த நேரத்து எண்ணை எடுத்துப் பதிந்தால் போதும். தராசு எண்ணுக்கு முன்னால் 'எஸ்டி', 'யூஎஸ்' போன்ற எழுத்துகளை அனுப்பினால், எடை நிலைத்துவிட்டதா, இன்னும் ஆடுகிறதா என்பதற்கான குறி அது. ஆடும்போது பட்டனை அணைத்து வையுங்கள்.

பெரிய அறிக்கை தயாரிப்பது போல நிஜமாகவே நேரம் பிடிக்கும் வேலை வரும்போது த்ரெட் போடலாம். அந்த த்ரெட்டிலிருந்து திரையில் உள்ள எதையும் தொடக்கூடாது. விடையை 'கியூ' என்ற ஒரு வரிசையில் போட்டுவிட்டு, அதை ஆஃப்டர் வழியாக எடுத்துத் திரையில் காட்ட வேண்டும். எஸ்க்யூலைட் இணைப்பையும் அந்தந்த த்ரெட்டிலேயே திறக்க வேண்டும். ஒரு த்ரெட்டில் திறந்ததை இன்னொன்றில் பயன்படுத்தினால் பைத்தான் பிழை சொல்லும்.

அடுத்தது காணாமல் போகும் பதிவு. இது கமிட் பிரச்சினை இல்லை. கமிட் இல்லையென்றால் உங்கள் மடிக்கணினியிலும் பதிவு தங்கியிருக்காது. தரவுத்தளத்தின் முகவரியை, நிரல் ஃபைல் இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிட்டிருக்கிறீர்கள், சரிதானா? பைஇன்ஸ்டாலர் ஒரே ஃபைலாகக் கட்டியது, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தன்னை ஒரு தற்காலிக ஃபோல்டரில் அவிழ்த்துக்கொள்ளும். மூடும்போது அந்த ஃபோல்டரை அழித்துவிடும். உங்கள் ஏலக்காய்க் கணக்கு அதோடு போகிறது. தரவுத்தளத்தைப் பயனருடைய 'ஆப்டேட்டா' ஃபோல்டருக்குள் 'லோக்கல்' என்பதில் உங்கள் புரோகிராம் பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அங்கே வையுங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் வைக்காதீர்கள். சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது.

சிஎஸ்வி: ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங்கை 'யூடிஎஃப்-8-சிக்' என்று கொடுங்கள். வெறும் யூடிஎஃப்-8 கொடுத்தால் எக்செல் அதை அடையாளம் தெரியாமல் பழைய முறையில் படித்துவிடும். 'நியூலைன்' என்பதற்கு வெற்று மேற்கோள் கொடுங்கள்; இல்லாவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு காலி வரி வரும்.

அணக்கரைக் கணக்குப்பிள்ளை எழுதியது:

மிக்க நன்றி அக்கா. புட்டியில் எடை ஒரே வரியில் அழிந்து அழிந்துதான் வந்தது. தரவுத்தளத்தை இடம் மாற்றிவிட்டேன், பதிவு நிற்கிறது. எக்செலிலும் மலையாளப் பெயர்கள் சரியாக இருக்கின்றன.

ஆஃப்டரில் மாட்டிக்கொண்டேன். புரோகிராம் திறப்பதற்கு முன்பே 'ரிகர்ஷன்' என்று ஏதோ பிழை காட்டிச் செத்துவிடுகிறது. இன்னொன்று: காயின் தரத்துக்கு எட்டு மில்லிமீட்டருக்கு மேல், ஏழு முதல் எட்டு, ஆறு முதல் ஏழு என்று ஃபார் சுற்றில் பட்டன்கள் உண்டாக்கினேன். எதை அழுத்தினாலும் கடைசித் தரம்தான் பதிவாகிறது. கட்டிய ஃபைலில் பிழை ஏதாவது வந்தால் திரையில் ஒன்றும் தெரிவதில்லை; பட்டன் வேலை செய்யாமல் சும்மா இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை அக்கா எழுதியது:

ஆஃப்டருக்குள் ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். பெயரை மட்டும் கொடுத்தால் 'பிறகு கூப்பிடு' என்று பொருள். அடைப்புக்குறி இருந்தால் 'இப்போதே ஓடு' என்று பொருள். அது ஓடி, மறுபடி ஆஃப்டர் வரிக்கு வந்து, மறுபடி தன்னையே ஓட்டி, பைத்தான் போதும் என்று கையை விரிக்கும்வரை போகும். பட்டனின் 'கமாண்ட்'டுக்கும் இதே விதிதான்.

தர பட்டன்கள்: லாம்டா (பெயரில்லாத சிறிய ஃபங்ஷன்) எழுதியிருப்பீர்கள். அது சுற்று மாறியின் மதிப்பைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. பட்டனை அழுத்தும் நேரத்தில்தான் போய்ப் பார்க்கும். அதற்குள் சுற்று முடிந்து, மாறியில் கடைசித் தரம் மட்டும் உட்கார்ந்திருக்கும். லாம்டாவில் ஒரு இயல்பு மதிப்புள்ள அளவுருவாகத் தரத்தைக் கொடுங்கள்; 'தரம் சமம் தரம்' என்று எழுதுவது விசித்திரமாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு பட்டனுக்கும் அதனதன் மதிப்பு அப்போதே பதிந்துவிடும்.

பிழை தெரியாததற்குக் காரணம், கறுப்புத் திரை (கன்சோல்) இல்லாமல் கட்டியிருக்கிறீர்கள். டிகேஇன்டர் பட்டனில் வரும் பிழையை அந்தத் திரையில்தான் எழுதும். திரை இல்லையென்றால் எங்கும் எழுதாது. பிரதான விண்டோவின் 'ரிப்போர்ட்_கால்பேக்_எக்செப்ஷன்' என்பதற்கு உங்கள் சொந்த ஃபங்ஷனைக் கொடுத்து, பிழையை நேரத்தோடு ஒரு ஃபைலில் எழுதச் செய்யுங்கள். கடைக்காரருக்கு ஒரு பெட்டியில் 'பதிவாகவில்லை, மறுபடி எடுக்கவும்' என்று காட்டினால் போதும். நிரலில் எங்காவது 'எக்செப்ட், பாஸ்' என்று எழுதிப் பிழையை விழுங்கியிருந்தால் அதை இன்றே நீக்குங்கள்.

களியக்காவிளை எழுதியது:

சி ஷார்ப் மொழியில், விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்ற விண்டோத் தொகுப்பை வைத்து எழுதுபவர்களுக்காக ஒரு வரி: சீரியல்போர்ட்டின் 'டேட்டாரிசீவ்ட்' நிகழ்வு வேறு த்ரெட்டில்தான் வரும். அதிலிருந்து நேராக டெக்ஸ்ட்பாக்ஸைத் தொட்டால் பிழை எழும். வேலையைத் திரையின் த்ரெட்டிடம் கொடுத்துவிட்டுக் காத்திராமல் திரும்பும் 'பிகின்இன்வோக்' வழியாகப் போங்கள். வேலை முடியும்வரை காத்திருக்கும் வெறும் 'இன்வோக்' போட்டால், விண்டோவை மூடும் நேரத்தில் போர்ட்டின் 'க்ளோஸ்' அங்கேயும் இங்கேயும் ஒன்றுக்கொன்று காத்து நின்றுவிடும்.